ஹட்டனில் ஈசிஜி, கூடலூருக்கு ஒரு போன்

லண்டனில் எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொன்னபோது வயது நாற்பதைத் தொடவில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்து, நாடி தாறுமாறாக ஓடுகிற கோளாறு இது. வழக்கமாக அறுபது, எழுபது தாண்டியவர்களுக்கு வருவது. எனக்கோ பிரஷர் இல்லை, தைராய்டு சரி, வால்வுகள் சரி, குடியும் கிடையாது. அதனால் மரபணு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். டைட்டின் என்ற மரபணுவின் ஒரு பிரதி பாதியில் அறுந்துபோகிற மாதிரி ஒரு மாற்றம் இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. கூடவே ஒரு கடிதம்: உங்கள் கூடப்பிறந்தவர்களிடம் இதைக் கொடுங்கள், ஒவ்வொருவருக்கும் இதே மாற்றம் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு.

என் கூடப்பிறந்தவர்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம். இந்தத் தடவை ஊருக்குப் போனது பாதி இதற்காகத்தான். இதே மாதிரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற மலையகத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் இன்னும் சிலராவது இருப்பார்கள். ஊரில் எது சுலபமாக நடக்கிறது, எது இழுத்தடிக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு உதவும்.

முதலில் ஈசிஜி. எங்கள் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் டிக்கோயா கிளங்கன்தான். இந்திய அரசின் உதவியில் 150 கட்டில்களோடு கட்டி, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்த கட்டடம். தம்பியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்தோம். மழையும் மூடுபனியுமாக எலும்பு வரை குளிர்கிற காலை அது. சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவி வயர்களைப் பொருத்தினதும் தம்பிக்கு உடம்பு வெடவெடத்தது. வெளியே வந்த தாளில் அடிக்கோடு முழுக்க நடுக்கம். என் பழைய ஈசிஜியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பகீரென்றது. நர்ஸ் மிஸ் ஒரே பார்வையில், "இது குளிருல வர்றது, பயப்படாதீங்க" என்று சொல்லி, போர்வையை மேலே போட்டுப் பத்து நிமிஷம் படுக்க விட்டார். இரண்டாவது தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் அந்தச் சின்ன மேடு, மேலறை ஒழுங்காகச் சுருங்குவதைக் காட்டுகிற பி அலை, அழகாக வரிசையாக நின்றது. குளிர் நடுக்கம் தாளில் ஃபிப்ரிலேஷன் போலவே தெரியக்கூடும் என்று லண்டனில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை அங்கே வந்திருக்காது.

செலவு ஒரு சதம் இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்து, இருதய நிபுணரைப் பார்க்கக் கண்டிக்குத் துண்டு தந்தார்கள். அரசாங்கக் கிளினிக்கில் தேதி தள்ளிப் போனது. என் லீவுக்குள் முடியாது. சரி, தனியாரில் சேனல் பண்ணலாம், அதாவது காசு கட்டி நிபுணரிடம் நேரம் எடுக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றிக் கண்டிக்கு வந்து சேர்ந்தபோதே அம்மா களைத்துப்போனார். அந்தத் தனியார் நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நம்பர்களைச் சிங்களத்தில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்து போனதே தெரியாமல் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த மாவனெல்லைக்காரர் ஒருவர்தான் தட்டிச் சொன்னார். 1987இல் இருந்து தமிழும் ஆட்சிமொழி என்று சட்டம் சொல்கிறது. கவுண்டருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை போல. அதைவிட எரிச்சல், நான் லண்டன் என்று தெரிந்ததும் கவுண்டரில் இருந்த பையன் ஒரு கலர் அட்டையை நீட்டினான்: உடம்பு முழுக்க செக்கப், சிடி ஸ்கேன், டிரெட்மில், எல்லாம் சேர்த்து ஒரே பாக்கேஜ். எங்களுக்கு வேண்டியது ஒரு எக்கோவும் (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது), நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டரும், தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் மட்டும்தான். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

டொக்டர் நல்லவர், தமிழும் பேசினார். கடிதத்தை வாசிக்கும் முன்னாலேயே தம்பியிடம், சின்ன வயதில் தொண்டை வலியோடு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். எங்கள் நாட்டில் இளம் வயதில் நாடி தாறுமாறானால் முதல் சந்தேகம் அந்த வாதக்காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டதா என்பதுதான். எக்கோவில் வால்வுகள் சுத்தம், இதயம் பெருக்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் டைட்டின் பேச்சு வந்தது.

டைட்டின் மனித உடம்பில் உள்ள மிகப் பெரிய புரதம். இதயத் தசை நாருக்குள் ஸ்பிரிங் மாதிரி இருந்து, நீண்டு சுருங்கிக் கொடுக்கிறது. அதன் மரபணு ஒரு பக்கம் அறுந்திருந்தால் சிலருக்கு இதயம் பெருத்துத் தளர்கிறது, சிலருக்கு மேலறைத் துடிப்பு குழம்புகிறது, பலருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக இந்த மாதிரி மாற்றம் இருக்கிறது. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 66 வயதுக்கு முன் இந்தக் கோளாறு வந்த 1293 பேரைச் சோதித்தார்கள். பத்தில் ஒருவருக்கு நோயோடு தொடர்புள்ள அரிய மாற்றம் கிடைத்தது. முப்பதுக்கு முன் வந்தவர்களில் அது ஆறில் ஒருவர். அதிலும் அதிகம் அகப்பட்டது டைட்டின்தான். மிச்சப் பேருக்கு மரபணு சம்பந்தமே இல்லை என்றும் அர்த்தமில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் 2007இல் நாலாவது குரோமோசோமில் கண்டுபிடித்த இடம் போல, ஒவ்வொன்றும் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டுகிற பொதுவான மாற்றங்கள் எத்தனையோ இருக்கின்றன.

நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பரிசோதனைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை. அதனால் தெற்காசியர்களுக்கு "அர்த்தம் நிச்சயமில்லை" என்ற ரிசல்ட் கூடுதலாக வருகிறது. தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிற, இதயத் தசையோடு சம்பந்தப்பட்ட வேறொரு மரபணுவின் 25 எழுத்து விடுபாடு 2009இல்தான் பெரிய அளவில் பேசப்பட்டது. அதிலும் எவ்வளவு ஆபத்து என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ரிசல்ட்டில் ஒரு மாற்றத்தின் பெயர் வந்துவிட்டால் விதி எழுதியாயிற்று என்று நினைக்கக்கூடாது.

ஹோல்டர் என்பது இடுப்பில் மாட்டுகிற சின்னப் பெட்டி. தம்பி அதை மாட்டிக்கொண்டே கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினான், மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கூடவே தந்த தாளில் என்ன செய்தோம் என்று நேரம் போட்டு எழுத வேண்டும். அவன் எழுதியது: "8.10 பிளேன்டீ. 9.00 படி ஏறினது. 9.20 அண்ணன் ஏச்சு." ரிசல்ட்டில் மேலறையில் இருந்து சில அதிகப்படித் துடிப்புகள், ஃபிப்ரிலேஷன் இல்லை. தேத்தண்ணியை விடணுமா என்றுதான் அவனுக்கு முதல் கவலை. அளவான தேநீரோ கோப்பியோ இந்தக் கோளாறைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்றார் டொக்டர். ஆனால் சாராயத்தைத் தொடாதே, டைட்டின் மாற்றமும் குடியும் சேர்ந்தால் இதயம் சீக்கிரம் தளரும் என்று அழுத்திச் சொன்னார். தோட்டத்தில் திருவிழாவுக்கும் சாவுக்கும் போத்தல் இல்லாமல் நடக்காது. அவன் எப்படிச் சமாளிக்கப்போகிறானோ.

இது வரைக்கும் எல்லாம் நான் நினைத்ததைவிடச் சுலபம். திணறியது குடும்ப வரலாற்றில்தான். கடிதத்தோடு வந்த படிவம் மூன்று தலைமுறை கேட்கிறது: யார், எந்த வயதில், எதனால் இறந்தார். எங்கள் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், நாற்பத்து மூன்றில் வாசலில் விழுந்து போய்விட்டார். இறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்தோம். பெயர் ஒரு மாதிரி எழுதி, காரணம் வெறுமனே இருதய நோய் என்றிருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் கேட்டால் பாதிப் பேர் மாரடைப்பு என்றார்கள், மீதிப் பேர் காத்து கருப்பு அடிச்சது என்றார்கள். தாத்தாவின் குடும்பமோ பாதி இங்கே இல்லவே இல்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் கொடுத்து இந்தியாவுக்குப் போன கூட்டம் அது. இப்போது தமிழ்நாட்டுக் கூடலூரில், அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்துப் பக்கம்.

அத்தைக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். எந்த ஊர் டொக்டரும் எடுத்துத் தர முடியாத விஷயம் அந்த அழைப்பில் வந்தது. "உங்க சித்தப்பாவுக்கு நாப்பத்தி நாலு வயசுல ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அதுக்கு முன்னாடியே நெஞ்சு குதிக்குது, குதிக்குதுன்னு சொல்லுவாரு. நாங்கதான் வாயுன்னு விட்டுட்டோம்." ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறையில் தேங்குகிற ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம்; பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. சித்தப்பாவுக்கு ஈசிஜி எடுத்ததா என்று அத்தைக்கு ஞாபகமில்லை. ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதும் நிரம்பியிருப்பதும் ஒன்றல்ல. கண்டி டொக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தம்பிக்கு மரபணுச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்றார்.

தங்கச்சி விஷயம் வேறு. அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, ஈசிஜி, எக்கோ எத்தனை வேணும்னாலும் எடுக்கிறேன். ரத்தம் மட்டும் குடுக்க மாட்டேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அம்மாவுக்கு அவளைவிட அதிகம். லண்டனில் என்றால் தெரியாமலிருக்கிற உரிமை என்று அழகாகச் சொல்லுவார்கள். இங்கே அதற்கு ஒரு வீட்டு நிலவரம் இருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. டொக்டரும் ஒத்துக்கொண்டார்: சில வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ, கர்ப்பமானால் கிளினிக்கில் இந்தக் குடும்ப வரலாற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டைட்டின் மாற்றம் உள்ள பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டி இதயம் தளர்வது நடக்கக்கூடியது. அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, ஆனால் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

தம்பியைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இல் இருந்தே மனித மரபியல் பிரிவு ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு இது தெரியாது. குடும்பத்தில் ஏற்கனவே கண்டுபிடித்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடச் சொன்னால் முழு மரபணுத் தொகுதியையும் அலச வேண்டியதில்லை, செலவும் குறையும். அதற்கு மாற்றத்தின் முழுக் குறியீடு, எந்த லேப், எந்தத் தேதி என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். "டைட்டினில் ஏதோ" என்று போய் நின்றால் நடக்காது. கடிதத்தை நகல் எடுத்து, தம்பி, தங்கச்சி இருவரின் கிளினிக் கொப்பிகளிலும் ஒட்டி வைத்திருக்கிறேன். படபடப்போடு மயக்கம் வந்தால் 1990க்கு அடி, ஆம்புலன்ஸ் இலவசம் என்று சொல்லியிருக்கிறேன். லயம் வரைக்கும் வண்டி ஏறாது, கீழே கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் தூக்கி வர ஆள் ஏற்பாடு பண்ணி வையுங்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

தம்பியின் ரிசல்ட் இன்னும் வரவில்லை. கூடலூரில் சித்தப்பா மகன்கள் இருவருக்கும் கடிதத்தின் படத்தை அனுப்பினேன். மூத்தவன் கோயம்புத்தூரில் காட்டுகிறேன் என்றான். இளையவன் மெசேஜைப் பார்த்துவிட்டான், பதில் இல்லை. அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.