திரும்பத் திரும்ப வரும் பாக்டீரியல் வெஜினோசிஸ்: மாதக்கணக்கில் மருந்து எடுக்கும்போது தெரியவேண்டியவை

மெட்ரோனிடசோல் 500 மி.கி. மாத்திரை, காலை இரவு என 7 நாள். அல்லது 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல், ஓர் அப்ளிகேட்டர் அளவு (5 கிராம்), 5 இரவு. அல்லது 2 சதவீத கிளிண்டாமைசின் கிரீம், 7 இரவு. பாக்டீரியல் வெஜினோசிஸ் (யோனியில் நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகும் கோளாறு) என்று டாக்டரிடம் போனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எழுதித் தருவார்கள். மூன்றுமே வேலை செய்யும். சில நாளில் மீன் வாடை போய்விடும், வெள்ளைப்படுதலும் குறையும். அடுத்த மாதவிடாய் முடிந்ததும் அதே வாடை வந்து நிற்பதுதான் பிரச்சினை. 2006இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சிகிச்சை முடித்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு 12 மாதத்துக்குள் திரும்ப வந்திருந்தது. எனவே திரும்ப வந்தால் அதற்கு உங்கள் சுத்தக்குறைவு காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை.

இப்படித் திரும்ப வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும் யோனிச் சுவரில் பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மருந்து மேலே இருப்பவற்றைக் கொல்கிறது, படலத்தின் அடியில் இருப்பவை தப்பிவிடுகின்றன. இரண்டாவது, லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா பலருக்குத் தானாகத் திரும்பி வருவதில்லை. காலி செய்த வீட்டில் நல்லவர் குடியேறும் முன்பே பழைய ஆள் சாவியோடு வந்துவிடுகிறார். ஆகவே ஐந்து, ஏழு நாள் கோர்ஸையே நான்காவது, ஐந்தாவது முறையாக வாங்கிப் போடுவதில் பெரிய பயன் இல்லை. இடைவெளி விடாமல் நீண்ட நாள் அடக்கிவைப்பதும், உறவுத் துணைக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதும்தான் கணக்கை மாற்றுகின்றன.

அதற்கு முன், வந்திருப்பது அதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். போனில் அறிகுறி சொல்லி மருந்து வாங்கியே காலம் தள்ளியவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். இதைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் ஆம்செல் அளவுகோல் நான்கு: மெல்லிய, சீரான, சாம்பல் கலந்த வெள்ளைத் திரவம், பி.எச். (புளிப்பின் அளவு, எண் ஏறினால் புளிப்பு குறைவு) 4.5க்கு மேல், திரவத்தில் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் எழும் மீன் வாடை, மைக்ராஸ்கோப்பில் க்ளூ செல் (பாக்டீரியா மொய்த்து ஒட்டிய யோனிச் சுவர் செல்). நான்கில் மூன்று இருக்க வேண்டும். தயிர்போலக் கட்டியாக, அரிப்போடு, பி.எச். குறைவாக இருந்தால் அது ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று. மஞ்சள் பச்சையாக, எரிச்சலோடு இருந்தால் உறவில் தொற்றும் ட்ரைகோமோனாஸ் கிருமி உண்டா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்தாலே பி.எச். ஏறும், அதற்கு ஆன்டிபயாட்டிக் பதில் ஆகாது. சாதாரண கல்சர் டெஸ்டில் கார்ட்னெரெல்லா வந்தது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. எந்தக் கோளாறும் இல்லாதவர்களிடமும் அது இருக்கும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 வழிகாட்டுதலில் சொல்லும் மூன்று கட்ட முறை இப்படி: முதலில் மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல் மாத்திரை, 500 மி.கி., நாளுக்கு இரு வேளை, 7 நாள். அடுத்து போரிக் ஆசிட் 600 மி.கி. கேப்சூல், யோனிக்குள், தினம் இரவு ஒன்று, 21 நாள். பரிசோதித்து நோய் அடங்கியது தெரிந்தபின் மெட்ரோனிடசோல் ஜெல் வாரம் இருமுறை, நான்கிலிருந்து ஆறு மாதம்.

மாத்திரைக் கட்டம் சலிப்பானது, அவ்வளவுதான். வாயில் உலோகச் சுவை, குமட்டல், சிறுநீர் கருத்துப்போவது எல்லாம் வரும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ரத்தம் உறைவதை இது மேலும் குறைக்கும்.

போரிக் ஆசிட்தான் அதிகம் கேள்வி வரும் கட்டம். படுக்கப் போகும்போது, மல்லாந்து படுத்து, விரல் போகும் ஆழம் வரை தள்ளினால் போதும். காலையில் தண்ணீராகவோ மணல்போலவோ வழியும். பேன்டி லைனர் வைத்துக்கொள்ளுங்கள், இதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வறட்சி இருப்பவர்களுக்குக் கேப்சூல் தோல் பாதி கரைந்த நிலையில் வெளிவரும், அதுவும் சகஜம். லேசான எரிச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டால், அல்லது புண், விரிசல் இருந்தால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். வாய்வழி போனால் போரிக் ஆசிட் விஷம். எனவே பிள்ளைகள் கைக்கு எட்டாமல், மற்ற மாத்திரைகளோடு கலக்காமல் தனியே வையுங்கள். மருந்து உள்ளே இருக்கும்போது வாய்வழி உறவு கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ இதைத் தொடவே கூடாது. பவுடர் வாங்கி வீட்டிலேயே கேப்சூலில் அடைக்கும் வேலையும் வேண்டாம். அளவு கூடினால் முதலில் வேகுவது அந்த இடத்துத் தோல்தான்.

ஜெல் கட்டத்தில் கிழமையை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது, திங்கள் வியாழன் என்பதுபோல. ஒரு வாரம் விட்டுப்போனால் இரட்டை அளவு வேண்டாம், அடுத்த கிழமையில் தொடர்ந்தால் போதும். மாதவிடாய் நாளிலும் தொடரலாம். டாம்பான் ஜெல்லை உறிஞ்சிவிடும், பேட் போதும். கிளிண்டாமைசின் கிரீம் போடுபவர்கள் கவனிக்க: அது எண்ணெய் கலந்தது, போட்டு முடித்த 5 நாள் வரை லேடெக்ஸ் ஆணுறை பலமிழக்கும்.

நீண்ட நாள் ஜெல்லின் பெரிய தொல்லை ஈஸ்ட். நடுவில் அரிப்பும் கட்டியான வெள்ளைப்படுதலும் வந்தால் ஜெல் பலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பி.எச். ஸ்ட்ரிப் இங்கே கைகொடுக்கும். 4 முதல் 7 வரை காட்டும் ஸ்ட்ரிப்பாக வாங்கி, பஞ்சுக் குச்சியால் யோனியின் பக்கச் சுவரில் இருந்து எடுத்துத் தடவிப் பாருங்கள். ரத்தம், விந்து, முந்தின நாள் போட்ட மருந்து இருந்தால் அளவு பொய் சொல்லும். 4.5க்குள் இருந்து அரிப்பும் இருந்தால் ஈஸ்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

உறவுத் துணைக்கு மருந்து தரும் விஷயம் வெகுகாலம் ஒதுக்கப்பட்டது. ஆணுக்கு மருந்து கொடுத்த பழைய ஆய்வுகளில் மாத்திரை மட்டும் இருந்தது, பலன் தெரியவில்லை. 2025இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு 164 ஜோடிகளை எடுத்துக்கொண்டது. அதில் ஆணுக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரையோடு, ஆணுறுப்பின் தோலில் 2 சதவீத கிளிண்டாமைசின் கிரீமும், இரண்டுமே நாளுக்கு இருமுறை 7 நாள். 12 வாரத்தில் திரும்ப வந்தது 35 சதவீதத்தினருக்கு. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் அது 63 சதவீதம். கிரீமை முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, மொட்டிலும் அதை அடுத்த தண்டின் மேற்பகுதியிலும் போட வேண்டும். இருவரும் ஒரே வாரத்தில் தொடங்கி, முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். எனக்கு எந்த அறிகுறியும் இல்லையே என்று ஆண் மறுப்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை. அறிகுறி இல்லாமலேயே அந்தக் கிருமிகள் அங்கே இருக்கும்.

வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, பூண்டு, தேயிலை மர எண்ணெய், வாசனை வாஷ் எல்லாவற்றையும் ஓரங்கட்டுங்கள். உள்ளே பீய்ச்சிக் கழுவுவது நல்ல கிருமிகளையும் அடித்துக்கொண்டு போகும். வெளியே வெறும் தண்ணீர் போதும். கடையில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரைகளைப் பற்றி நல்லதாகச் சொல்லத் தகுந்த சான்று இல்லை. லாக்டோபேசிலஸ் கிறிஸ்பேடஸ் என்ற குறிப்பிட்ட வகையை யோனிக்குள் வைத்துப் பார்த்த 2020 ஆய்வில் மட்டும் 12 வாரத்தில் திரும்ப வருவது 45இலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தது. தயிரில் இருப்பது அந்த வகை அல்ல. காப்பர் டி போட்டபின் ரத்தப்போக்கு அதிகமாகி, கூடவே இதுவும் தொடங்கியிருந்தால் வேறு கருத்தடை முறை பற்றிப் பேசலாம்.

ஜெல்லை நிறுத்தும் நாள் வரும்போது எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். 16 வாரம் வாரம் இருமுறை ஜெல் போட்ட ஆய்வில், போடும் காலத்தில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் திரும்பியது. நிறுத்தியபின் 28ஆவது வாரத்தில் பார்த்தால் அது பாதிப்பேர். இரண்டாவது சுற்று போடுவது தோல்வி ஆகாது, ஆனால் மறுபடி பரிசோதித்துவிட்டே தொடங்க வேண்டும். காய்ச்சல், அடிவயிற்று வலி, உறவின்போது ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும், கர்ப்பம் என்றாலும் இந்த அட்டவணையை ஓரம் வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள். மற்றபடி வாடையோ திரவமோ இல்லாமல் ஸ்ட்ரிப் மட்டும் 5 காட்டினால் மருந்து வேண்டாம். மாதவிடாய் முடிந்த ஓரிரு நாளில் பலருக்கும் அப்படித்தான் காட்டும்.