உடற்குழி மாதிரித் தொகுப்பு: உடலமைப்புக்கு நல்ல துணை, பரிணாமத்துக்குத் தவறான படிக்கட்டு

மேல்நிலை வகுப்புகளிலும் இளநிலைப் பட்ட வகுப்புகளிலும் விலங்கியல் நடத்துவோருக்காக விற்கப்படும் உடற்குழி (உடற்சுவருக்கும் குடலுக்கும் இடைப்பட்ட குழி) மாதிரித் தொகுப்பு ஒன்றை எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கி, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். தட்டைப்புழு, உருளைப்புழு, மண்புழு ஆகியவற்றின் குறுக்குவெட்டைப் பெரிதாக்கிக் காட்டும் மூன்று பிளாஸ்டிக் மாதிரிகளும், அதே உயிரிகளின் சாயமேற்றிய ஸ்லைடுகளும், சிறு கையேடு ஒன்றும் பெட்டியில் உள்ளன. கருவில் தோன்றி உடலுறுப்புகளாக வளரும் மூன்று அடுக்குகளில் புற அடுக்குக்கு நீலம், நடு அடுக்குக்குச் சிவப்பு, அக அடுக்குக்கு மஞ்சள் என்ற வழக்கமான வண்ணமுறையே பின்பற்றப்பட்டிருக்கிறது.

தொகுப்பின் உண்மையான மதிப்பு ஸ்லைடுகளில்தான் இருக்கிறது. மண்புழுவின் வெட்டில் வட்டத்தசையும் நீள்தசையும் தெளிவாகப் பிரிந்து தெரிவதோடு, உடற்சுவரின் உட்புறத்தையும் குடலின் வெளிப்புறத்தையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை போர்த்தியிருப்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். உண்மையான உடற்குழி என்பது இருபுறமும் நடு அடுக்கால் சூழப்பட்ட இடம் என்ற வரையறை, மனப்பாட வரியாக இல்லாமல் கண்முன் நிற்கும் உண்மையாகிவிடுகிறது. அந்தக் குழியை நிரப்பும் திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால் தசைகள் அதன்மீது செயல்பட முடிகிறது. தடுப்புச் சுவர்கள் அதைக் கண்டங்களாகப் பிரிப்பதால் ஒரு பகுதி தடித்துப் பிடித்துக்கொள்ள, மற்றொரு பகுதி நீண்டு மண்ணைத் துளைக்க முடிகிறது. எலும்பில்லாத உயிரிக்கு இத்திரவமே எலும்புக்கூடு என்பதை விளக்க, இதைவிட நல்ல ஸ்லைடு தேவையில்லை.

உருளைப்புழு மாதிரியில்தான் பெரும் பிழை இருக்கிறது. இப்புழுவுக்குரிய பொய் உடற்குழியில் நடு அடுக்கின் தசை உடற்சுவர்ப் பக்கம் மட்டுமே இருக்கும். குடலைச் சுற்றித் தசையும் இல்லை, பெரிட்டோனியமும் இல்லை. மாதிரியைச் செய்தவர்களோ குடலைச் சுற்றியும் மெல்லிய சிவப்புப் பட்டை தீட்டி, மண்புழுவுக்கும் உருளைப்புழுவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டையே அழித்துவிட்டார்கள். நாங்கள் அதன்மேல் மஞ்சள் வண்ணம் பூசிப் பயன்படுத்துகிறோம். இதற்கு மாறாக, அஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவின் ஸ்லைடு குறையற்றது. நீள்தசை மட்டுமே இருப்பதும், ஒவ்வொரு தசைச்செல்லும் நரம்பு வடத்தை நோக்கித் தன் கையை நீட்டுவதும் அதில் அழகாகத் தெரிகின்றன. ஆனால் வெட்டில் வெற்றிடமாகத் தோன்றும் பகுதி, உயிருள்ள புழுவில் உயர் அழுத்தத் திரவம் நிறைந்தது என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கையேடு அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அடிப்பலகை. மூன்று மாதிரிகளும் உயர்ந்துசெல்லும் படிகளில் பொருத்தப்பட்டு, உடற்குழியற்ற தட்டைப்புழு முதற்படியிலும் உண்மை உடற்குழியுடைய மண்புழு உச்சியிலும் நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாடநூல்கள் ஏறத்தாழ இப்படித்தான் கற்பித்தன. ஆனால் 1997-இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில், உருளைப்புழுக்களும் கணுக்காலிகளும் தோலுரிக்கும் விலங்குகள் என்ற ஒரே பெருங்கிளையில் சேர்க்கப்பட்டன. தட்டைப்புழுக்களோ மண்புழு, நத்தை ஆகியவற்றின் பக்கம் வைக்கப்படுகின்றன. அப்படியானால் உடற்குழி இல்லாமை தொன்மையின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது பின்னர் இழக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பொய் உடற்குழியுடையவை என்பதும் ஒரு மூதாதையின் வாரிசுகளைக் குறிக்கும் பெயரன்று, ஓர் அமைப்பின் பெயர் மட்டுமே. படிக்கட்டில் வைத்துக் காட்டும்போது இவை எதையும் மாணவர்களால் எண்ணிப்பார்க்க முடியாது. நல்லவேளையாகத் திருகாணிகளைக் கழற்றிவிடலாம். மாதிரிகளை ஒரே மட்டத்தில் மேசைமேல் வைத்தே பாடம் நடத்துகிறேன்.

கணுக்காலிகளும் மெல்லுடலிகளும் தொகுப்பில் இடம்பெறாதது இன்னொரு குறை. கரப்பானின் உடலில் உண்மை உடற்குழி சிறு எச்சங்களாகச் சுருங்கி, இரத்தம் நிறைந்த ஹீமோசீல் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதைக் காட்டியிருந்தால், குழி வளர்ந்துகொண்டே போகும் என்ற எண்ணம் அங்கேயே உடைந்திருக்கும். ஸ்லைடுகள் தனியாகக் கிடைக்குமானால் அவற்றை மட்டும் வாங்குங்கள்; முழுத் தொகுப்பையே வாங்க நேர்ந்தால், வகுப்புக்குக் கொண்டுசெல்லும் முன் உருளைப்புழு மாதிரியின் சிவப்புப் பட்டையைத் திருத்திவிடுங்கள்.