கச்சான் வெக்கையில் எந்தப் பற்றரி நிற்கும்?

திருகோணமலையில் சோலாரோடு பற்றரியும் பூட்ட நினைப்பவர்கள் கடையில் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதை வீட்டில் எங்கே வைக்கப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே யோசிக்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. சீற் கூரைக்குக் கீழே சாத்திக் கிடக்கும் அறையில் அதைவிடக் கூட. ஈய அமிலப் பற்றரியின் தாளில் உள்ள ஆயுட்கணக்கோ 25 பாகையை வைத்துப் போட்டது.

அந்த ஈய அமிலப் பற்றரி விலை குறைவு, எந்த வயரிங் பாஸுக்கும் பழக்கமானது. ஆனால் வெக்கைதான் அதற்கு எமன். ஒவ்வொரு 8 முதல் 10 பாகை ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே கரண்ட் தருவதால் முதல் வருடம் "நல்லா நிக்குதே" என்று இருக்கும். உள்ளே தகடுகள் அரித்துக்கொண்டிருப்பது தெரியாது. மாமா வீட்டில் மேற்கு விறாந்தையில் வெயில் படவைத்த பற்றரிகள் மூன்றாம் வருடமே படுத்துவிட்டன. மூடி திறந்து தண்ணீர் விடும் வகையென்றால் தண்ணீரும் சீக்கிரம் வற்றும். அந்த மாதங்களில் அடிக்கடி திறந்து பார்த்து வடித்த நீர் விட வேண்டும். இதையே வாங்குவதென்றால், பற்றரியின் சூட்டைப் பார்த்துச் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கும் சென்சர் உள்ள இன்வேர்ட்டராக எடுங்கள்.

மற்றத் தெரிவான லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரிக்கு முதலில் காசு கூடப் போகும். ஆனால் ஈய அமிலத்தில் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் ஆயுள் குறையும். இதில் 80, 90 வீதம் வரை எடுக்கலாம். நிக்கல், கோபால்ட் சேர்ந்த மற்ற லிதியம் வகையைவிட அதிகச் சூட்டையும் தாங்கும். அதனால் இந்த ஊருக்கு என் தெரிவு இதுதான். பூச்சியப் பாகைக்குக் கீழே குளிர்ந்தால் சார்ஜ் செய்யக்கூடாது என்பது குளிர் நாட்டுக்காரர் கவலை, நமக்கில்லை.

ஆனால் இதுவும் வெக்கைக்கு அசையாத கல் இல்லை. பல பற்றரிகளில் 45 பாகையை நெருங்கினால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை சார்ஜைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். சோலார் அதிகம் தருவதும் பற்றரி சூடாவதும் ஒரே மத்தியானத்தில்தானே! மின்வெட்டுக்கு மட்டும் என்று நாள் முழுக்க 100 வீதத்தில் நிறைத்து வைத்தாலும் வெக்கையில் சீக்கிரம் தேயும். 80, 90 வீதத்தில் நிறுத்திவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் ஒருதரம் முழுதாக ஏற்றினால் போதும்.

சரி, எங்கே வைப்பது? மாமா இரண்டாம் முறை லிதியம் வாங்கி, மேற்கு வெயில் படாத உட்சுவரில் மாட்டினார். படுக்கையறையைத் தவிர்த்தார், சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டார். கார்த்திகை மழை வெள்ளத்தை நினைத்து நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தியும் வைத்தார்.