விடுவதா, பிடிப்பதா: சட்ட நுழைவுத் தேர்வில் கேள்வியைத் தாண்டிப் போகும் நான்கு வழிகள்

"எல்லாக் கேள்வியும் போட்டியாய்யா?" தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி இது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். வரை நம் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குப் பயந்தே எழுதிப் பழகுகிறார்கள். ஒன்றாம் கேள்வியில் ஆரம்பித்து வரிசையாகப் போக வேண்டும், எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. நேரம் தாராளமாக இருக்கும் தாளுக்கு இது நல்ல பழக்கம்தான். சட்டக் கல்விக்கான நுழைவுத் தேர்வில் இதே பழக்கம் மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஆறாம் படிவமோ ஏ லெவலோ முடித்துவிட்டு வெளிநாட்டில் சட்டம் படிக்க நினைக்கிறவர்கள் முன்னால் இரண்டு தேர்வுகள் வரும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் யூ.சி.எல். போன்ற இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு எல்நாட். பட்டம் முடித்த பிறகு அமெரிக்காவிலோ கனடாவிலோ சட்டம் படிக்க எல்சாட். இங்கிலாந்துப் பட்டத்தோடு திரும்பி வந்து, இங்கே வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. தேர்வை எழுதலாம் என்பதால் நம் பக்கம் எல்நாட்டைக் கேட்டு வருகிறவர்களே அதிகம். ஆனால் கேள்வியை விடும் கலையைக் கற்க எல்சாட்தான் சரியான களம். அதனால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

2024 ஆகஸ்டு முதல் எல்சாட்டில் பழைய தர்க்கப் புதிர்ப் பகுதி கிடையாது. இப்போது இருப்பவை நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 35 நிமிடம். மதிப்பெண்ணுக்கு உரியவை மூன்று: ஒரு சிறு வாதப் பத்தியும் அதன் கீழே ஒரு கேள்வியுமாக வரும் தர்க்கப் பகுதிகள் இரண்டு, நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்லும் வாசிப்புப் பகுதி ஒன்று. நான்காவது சோதனைக்காக வைக்கப்படுவது, அதற்கு மதிப்பெண் இல்லை. எது சோதனைப் பகுதி என்று எழுதும்போது தெரியாது. ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் அதற்குள் திரும்பிப் போக முடியாது. தர்க்கப் பகுதியில் ஏறத்தாழ 25 கேள்விகள் வரும். 2,100 விநாடியை 25 ஆல் வகுத்தால் கேள்விக்கு 84 விநாடி.

இரண்டு தேர்விலுமே தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே இங்கே 'விடுவது' என்றால் காலியாக விடுவது அல்ல. ஏதோ ஒரு விடையைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்கத் திரையில் கொடி அடையாளம் போட்டு, அடுத்த கேள்விக்குப் போவது. எல்சாட்டில் ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எந்த எழுத்தும் மற்றதைவிட ராசியானது இல்லை. 'தெரியாததற்கு எப்போதும் சி' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதில் ஒரே லாபம், எதைத் தட்டுவது என்று அங்கே யோசித்து நிற்காமல் இருப்பதுதான்.

இனி நான்கு வழிகள்.

முதல் வழி, வரிசையாகவே போவது. எதையும் விடாமல் 1 முதல் 25 வரை. பயிற்சித் தாளை 33 நிமிடத்துக்குள் நிதானமாக முடிக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. படித்ததைத் திரும்பப் படிக்கும் செலவே கிடையாது. அப்படி முடிக்கிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

இரண்டாம் வழி, கடிகாரத்தை வைத்து வெட்டுவது. 90 விநாடியோ 100 விநாடியோ ஆனதும் எந்த நிலையில் இருந்தாலும் விட்டுவிடுவது. டியூஷன் வகுப்புகளில் அதிகம் சொல்லித்தரப்படுவது இதுதான். கேட்க ஒழுங்காக இருக்கும்.

மூன்றாம் வழி, அடையாளம் பார்த்து விடுவது. கேள்வியின் வகையையும் அதைப் படிக்கும்போது தலைக்குள் நடப்பதையும் கவனித்து, முதல் 20, 30 விநாடிக்குள் 'இது இப்போது வேண்டாம்' என்று முடிவெடுப்பது.

நான்காம் வழி, ஒரு பத்தியையே மொத்தமாக விடுவது. இது வாசிப்புப் பகுதிக்கு மட்டும்.

முதல் மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 25 கேள்விகளில் 21 கேள்விக்கு உங்களுக்குச் சராசரியாக 80 விநாடி ஆகிறது, 4 கேள்விகள் கடினம் என்று வைத்துக்கொள்வோம்.

வரிசையாகப் போகிறவர் அந்த நான்கிலும் தலா 150 விநாடி நின்று போராடுகிறார். 10 நிமிடம் போய்விட்டது. மீதி 25 நிமிடத்தில் 80 விநாடிக் கேள்விகள் 18தான் அடங்கும். மூன்று கேள்விகள் கண்ணில் படாமலே போகின்றன. அவை அவருக்குத் தெரிந்த கேள்விகள் என்பதுதான் வயிற்றெரிச்சல். எல்சாட் தர்க்கப் பகுதியில் முதல் பத்துக் கேள்விகள் பொதுவாக எளியவை, நடுவுக்குப் பிறகு இறுகும். ஆனால் கடைசியில் இருப்பது எல்லாமே கடினம் என்று சொல்ல முடியாது, 24ஆவதோ 25ஆவதோ சட்டென்று அவிழும் கேள்வியாக இருப்பது உண்டு.

கடிகாரத்தால் வெட்டுகிறவர் அந்த நான்கையும் 110 விநாடியில் விடுகிறார். நான்குக்கும் சேர்த்து 7 நிமிடம் 20 விநாடி. மற்ற 21 கேள்விக்கு 28 நிமிடம். கூட்டினால் 35 நிமிடம் 20 விநாடி. நேரம் 20 விநாடி முன்பே முடிந்துவிட்டது. விட்ட கேள்விகளுக்குத் திரும்பவே முடியவில்லை.

அடையாளம் பார்க்கிறவர் அதே நான்கையும் 20 விநாடியில் விடுகிறார். 80 விநாடி. மற்றவைக்கு 28 நிமிடம். கையில் 5 நிமிடம் 40 விநாடி மிச்சம். விட்ட நான்குக்கும் தலா 85 விநாடி கிடைக்கிறது, அதுவும் மற்ற எல்லாவற்றையும் முடித்த தெம்போடு.

ஆக, விடுவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. எப்போது விடுகிறோம் என்பதே முதல் கேள்வி. விடுவதென்றால் சீக்கிரம் விட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டிவிட்டால், இரண்டு விடைகளுக்கு நடுவில் தவிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், கொடி போட்டு ஓடுவது இரட்டை நஷ்டம். செலவழித்த நேரமும் போய், திரும்பி வரும்போது அதே பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க 30, 40 விநாடியும் போகும். அந்த நிலையில் இன்னும் 10 விநாடி எடுத்து, இரண்டில் ஒன்றைத் தட்டி, முடித்துவிட்டுப் போக வேண்டும். கடிகார வழியின் கோளாறு இங்கேதான்: மிகவும் விடக்கூடாத நேரம் பார்த்து அது விடச் சொல்கிறது.

பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியலில் நிரை முழுக்க மரம் சீவிக்கொண்டே போவார்கள். பால் வடியும் மங்குக் கிண்ணம் நிறையட்டும் என்று யாரும் ஒரு மரத்தடியில் நிற்பதில்லை. பால் எடுக்க இரண்டாவது சுற்று இருக்கிறது.

சரி, அந்த அடையாளங்கள் என்ன? முதலில் பத்தியைப் படிக்காதீர்கள். கீழே இருக்கும் கேள்வி வாக்கியத்தைப் படியுங்கள். 'இதே போன்ற தர்க்கம் எதில் உள்ளது', 'இதே போன்ற பிழை எதில் உள்ளது' என்று கேட்டால் ஐந்து விடைகளும் ஐந்து தனி வாதங்கள். மேலே உள்ளதையும் சேர்த்து ஆறு வாதங்களைப் படிக்க வேண்டும். முதலில் விட வேண்டிய வகை இது. 'கீழ்க்காண்பவற்றில் எது தவிர' என்று கேட்பவையும் அப்படித்தான், நான்கு விடைகளைச் சரிபார்த்து ஒதுக்கினால்தான் ஐந்தாவது மிஞ்சும்.

இரண்டாவது அடையாளம் உங்களுக்குள் இருக்கிறது. பத்தியை ஒருமுறை படித்த பிறகு 'இவர் கடைசியில் என்ன நிரூபிக்கப் பார்க்கிறார்' என்று ஒரே வரியில் சொல்ல வருகிறதா? வந்தால் தொடருங்கள். வராமல் முதல் வரிக்கே கண் திரும்பினால், அதுதான் விட வேண்டிய கணம்.

ஆனால் வகையை மட்டும் பார்த்து மூடத்தனமாக விடவும் கூடாது. இந்தச் சிறிய வாதத்தைப் பாருங்கள்:

'மழை பெய்தால் இந்தத் தோட்டத்தில் மரம் சீவுவதில்லை. இன்று மரம் சீவவில்லை. ஆகவே இன்று மழை பெய்திருக்கிறது.'

இதே பிழை எதில் உள்ளது என்பது கேள்வி. படித்ததுமே 'அட, தலைகீழாகத் திருப்பிவிட்டார். இன்று பொது விடுமுறையாகக்கூட இருக்கலாமே' என்று தோன்றினால் இதை விடாதீர்கள். பிழையின் உருவம் கையில் இருக்கிறது: மழை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை, ஆகவே மழை. ஐந்து விடைகளிலும் கடைசி வரியை மட்டும் பார்த்து, முதல் வரியின் முன்பாதியை முடிவாகச் சொல்வது எது என்று தேடலாம். 60 விநாடியில் முடியும். பிழை இருக்கிறது என்று தெரிந்தும் பெயர் சொல்ல வரவில்லை என்றால் மட்டும் விடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தேர்வு ஆங்கிலத்தில். 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்' வரும் வாக்கியங்களில் தடுமாறுவது பெரும்பாலும் தர்க்கம் தெரியாததால் அல்ல, மொழியால். 'அன்லெஸ்' வரும் இடத்தில் 'இல்லாவிட்டால்' என்று வைத்துப் படித்தால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். 'ஒன்லி இஃப்' வந்தால், அதற்குப் பின்னால் இருப்பது கட்டாயம் தேவையானது, அது மட்டுமே போதும் என்று பொருள் இல்லை. இந்தச் சொற்களைப் பார்த்துக் கேள்வியை விடுவது தப்பு. ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களை வீட்டிலேயே பழகித் தீர்க்க வேண்டும்.

நான்காம் வழிக்கு வருவோம். வாசிப்புப் பகுதியில் நான்கு தொகுதிகள், மொத்தம் ஏறத்தாழ 27 கேள்விகள். நான்கில் ஒன்று இரண்டு குட்டிப் பத்திகளை ஒப்பிடும் தொகுதி. நான்கையும் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம் 45 விநாடி. ஒன்றை விட்டு மூன்றைச் செய்தால் 11 நிமிடம் 40 விநாடி. ஆறு கேள்வி உள்ள தொகுதியை விட்டு, மீதி 21இல் 18 சரியாகப் போட்டு, விட்ட ஆறிலும் குருட்டடியாக ஒன்று கிடைத்தால் 19. அவசர அவசரமாக நான்கையும் செய்து பத்துக்கு ஏழு சரியாக வந்தாலும் 27இல் 19தான். ஆக, நான்கையும் செய்யும்போது பத்துக்கு ஏழைத் தொடாதவருக்குத்தான் இந்த வழி லாபம். அதுவும் தற்காலிகமாகத்தான். இதையே நிரந்தரமாக நம்பினால் அந்த 19, 20லேயே நின்றுபோவார்கள். விடுகிறவர் கேள்வி குறைவாக உள்ள தொகுதியை விட வேண்டும். எத்தனை கேள்வி என்று திரையில் எண்களைத் தட்டிப் பார்க்கச் சில விநாடிகள் ஆகும், அது வீண் செலவு இல்லை. அறிவியல் என்று பார்த்ததும் பயந்து விடுவது வேண்டாம். பல நேரம் அந்தப் பத்தியில் விடை எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். கலை விமர்சனப் பத்தியில்தான் ஆசிரியரின் தொனியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எல்நாட் வேறு மாதிரி. முதல் பகுதியில் 95 நிமிடம், 12 பத்திகள், 42 கேள்விகள், பத்திக்கு மூன்று அல்லது நான்கு. அதற்குப் பிறகு 40 நிமிடக் கட்டுரை. முதல் பகுதியில் மிச்சம் பிடித்த நேரம் கட்டுரைக்குச் சேராது. அதனால் 42ஐ அவசரமாக முடிப்பதில் எந்தப் பயனும் இல்லை. எல்சாட் தர்க்கப் பகுதியில் ஒரு கேள்வியை விட்டால் நான்கைந்து வரியைத்தான் மறுபடி படிக்க வேண்டும். எல்நாட்டில் ஒரே ஒரு கேள்விக்காகத் திரும்பி வந்தால் முழுப் பத்தியும் தலையிலிருந்து போயிருக்கும். எனவே இங்கே விடுவது பத்திக்குள்ளேயே நடக்க வேண்டும்: முதல் கேள்வி இடித்தால் இரண்டாவது, மூன்றாவதைப் போட்டுவிட்டு, பத்தி நினைவில் இருக்கும்போதே முதல் கேள்விக்கு வந்து, ஒன்றைத் தேர்ந்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போக வேண்டும். 'பிறகு வருகிறேன்' என்ற நினைப்போடு பத்தியை விட்டு நகராதீர்கள். கொடி போடலாம், ஆனால் திரும்ப முடியாவிட்டாலும் வருத்தப்படாத விடை அங்கே இருக்க வேண்டும்.

பத்திக்கு ஏழரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 90 நிமிடம். மூன்று பத்தி முடியும்போது திரையில் 72 நிமிடம் 30 விநாடி மிச்சம் இருக்க வேண்டும். ஆறு முடிந்தால் 50 நிமிடம், ஒன்பது முடிந்தால் 27 நிமிடம் 30 விநாடி. இந்த மூன்று எண்களை மட்டும் மனத்தில் வைத்தால் போதும், இடையில் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். எல்சாட் தர்க்கப் பகுதிக்கு இரண்டு எண்கள்: பத்தாம் கேள்வி முடியும்போது குறைந்தது 23 நிமிடம், முதல் சுற்று முடியும்போது 5 நிமிடம்.

பழகுவது எப்படி? கைப்பேசியில் 'லேப்' பொத்தான் உள்ள நிறுத்துக் கடிகாரம் போதும். ஒவ்வொரு கேள்வியை விட்டு நகரும்போதும் ஒரு தட்டு. தாள் முடிந்ததும் மூன்று கட்டம் போட்ட பட்டியலில் எழுதுங்கள்: கேள்வி எண், எத்தனையாவது விநாடியில் விட்டது, கடைசியில் சரியா தவறா. ஐந்தாறு தாளுக்குப் பிறகு பட்டியலே பேசும். 90 விநாடிக்கு மேல் நின்ற கேள்விகளில் எத்தனை சரி என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் கீழே என்றால் நீங்கள் தாமதமாக விடுகிறவர். கொடி போட்டுத் திரும்பியதில் முக்கால்வாசியும் சரி என்றால் விடத் தேவையில்லாததை விடுகிறீர்கள், பயந்தவர். பயிற்சித் தாளுக்குச் செலவு வேண்டாம். எல்சாட் நடத்தும் அமைப்பின் லாஹப் தளத்திலும் எல்நாட்டின் சொந்தத் தளத்திலும் சில தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாம் சுற்றில் எதற்கு முதலில் திரும்புவது? வரிசைப்படி அல்ல. ஓரளவு புரிந்து, ஒன்றிரண்டு விடைகளை ஒதுக்கிவைத்த கேள்விக்கு முதலில். நீளமான ஆறு வாதக் கேள்விக்குக் கடைசியில். முதலில் தட்டிய விடை வெறும் குருட்டடி என்றால் தாராளமாக மாற்றுங்கள். யோசித்துத் தட்டியது என்றால், பத்தியில் ஒரு சொல்லைக் காட்டிக் காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் மாற்றுங்கள். கடைசி 60 விநாடியில் புதிதாக எந்தக் கேள்வியையும் படிக்க வேண்டாம். திரையில் கேள்வி எண்கள் உள்ள பட்டையில் 1 முதல் 25 வரை கண்ணை ஓட்டி, விடை குறிக்காத எண் இருந்தால் அதில் சி.