எம்ஜிபி காருக்குத் திருட்டுப் பாதுகாப்பு: எதை வாங்கலாம், எதை எப்படிப் பொருத்தலாம்

பிரிட்டனில் இன்றும் அதிகம் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் என்பது ஓட்டுபவருக்கு வசதி. திருடிப் பிரித்து விற்பவனுக்கும் அதே வசதிதான். காரோடு வந்த பூட்டை நம்பிப் பயனில்லை. டாஷ்போர்டில் இக்னிஷன் உள்ள பழைய வண்டிகளின் எஃப்எஸ் வரிசைச் சாவி 876 முதல் 955 வரை, மொத்தமே 80 வகை. பல வண்டிகளில் அந்த எண் பூட்டின் முகத்திலேயே பொறித்திருக்கும். எண்ணைச் சொன்னால் சாவி வந்துவிடும். ரோட்ஸ்டராக இருந்தால் கதவைக்கூடத் திறக்க வேண்டாம், துணிக் கூரையைக் கத்தியால் கிழித்துவிடலாம்.

இந்தக் காரைத் திருட இரண்டே வழிதான்: கிளப்பி ஓட்டிப்போவது, இல்லையென்றால் லாரியில் ஏற்றிப்போவது. முதலாவதைத் தடுக்கும் சாமான் எதுவும் இரண்டாவதைத் தடுக்காது. கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் டிஸ்க்லாக். ஸ்டீயரிங்கை முழுவதுமாக மூடும் வட்டமான எஃகுப் பூட்டு. இரண்டு பாதியாகத் திறக்கும். ஸ்டீயரிங் விளிம்பைச் சுற்றி மூடிச் சாவி போட்டால் முடிந்தது. குறுக்குக்கம்பி வகைப் பூட்டுகளைவிட இது எம்ஜிபிக்கு மேல் என்று தயங்காமல் சொல்லலாம். இந்தக் காரின் ஸ்டீயரிங் விளிம்பு மெல்லியது. கம்பிப் பூட்டை யாரும் அறுப்பதில்லை. விளிம்பை ஹாக்ஸா பிளேடால் ஓரிடத்தில் அறுத்து வளைத்தால் பூட்டு தானாகக் கழன்று கையோடு வந்துவிடும். டிஸ்க்லாக்கில் அறுக்க விளிம்பே வெளியே தெரியாது. நடுவில் உள்ள நட்டும் மூடியிருப்பதால், ஸ்டீயரிங்கையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டும் வேலையும் நடக்காது.

அதன் பலம் இறுக்கத்தில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது. உறையைப் பிடித்துத் திருப்பினால் அது விளிம்பின்மேல் சும்மா சுழலும், ஸ்டீயரிங் திரும்பாது. ஆகவே அளவு சரியாக இருக்க வேண்டும். சிறியது 35 முதல் 38.9 செ.மீ., நடுத்தரம் 39 முதல் 41.5, பெரியது 41.6 முதல் 44. தொடக்க கால எம்ஜிபியின் 16.5 அங்குல ஸ்டீயரிங் கிட்டத்தட்ட 41.9 செ.மீ., அதற்குப் பெரியதுதான். மோட்டோ-லிட்டா நிறுவனத்தின் 14 அங்குல ஸ்டீயரிங் மாட்டியிருந்தால் 35.6 செ.மீ., சிறியது போதும். 13 அங்குல ஸ்டீயரிங்குக்கு 33 செ.மீ.தான் வரும், அதற்கு இந்தப் பூட்டில் அளவே கிடையாது. பழைய கார்களில் ஸ்டீயரிங் பலமுறை மாறியிருக்கும் என்பதால் வருட மாடலைப் பார்த்து ஆர்டர் போடக் கூடாது. விளிம்பின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம் வரை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பூட்டு ஆடுகிறதே என்று உள்ளே ரப்பர், ஃபோம் வைத்து இறுக்குபவர்கள் உண்டு. சுழல வேண்டிய உறை அப்படி வைத்தால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும். பூட்டியும் பூட்டாத கணக்கு.

குறைகளும் இருக்கின்றன. கனமான சாமான், எம்ஜிபியின் சிறிய டிக்கியில் கட்டாமல் போட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் உருளும். மர விளிம்பு ஸ்டீயரிங் என்றால் உறைக்குள் சேரும் மணல் வார்னிஷைக் கீறும். மாட்டுமுன் உள்பள்ளத்தை ஒரு துணியால் துடைத்துவிட வேண்டும். உறையின் பின்பக்கம் இண்டிகேட்டர் தண்டில் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்தால்தான் தெரியும், எனவே திருப்பித் தர வழியுள்ள கடையில் வாங்குவது நல்லது. எந்தப் பூட்டு வாங்கினாலும் சோல்ட் செக்யூர் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். 1992-இல் இரண்டு பிரிட்டிஷ் காவல்துறைகள் உள்துறையின் உதவியோடு தொடங்கிய சோதனை அமைப்பு அது. பூட்டை உண்மையிலேயே உடைத்துப் பார்த்துத்தான் தரம் கொடுப்பார்கள்.

அடுத்தது மறைவுச் சுவிட்ச், ஒளித்துவைத்து எஞ்சினை ஓடவிடாமல் செய்வது. இருப்பதில் மலிவானது, பொருத்துவதில்தான் தவறு நடக்கிறது. பெட்ரோல் பம்ப்பின் வயரில் சுவிட்ச் வைப்பது பலர் செய்வது. அப்படிச் செய்தால் கார்புரேட்டர் கிண்ணங்களில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் எஞ்சின் கிளம்பிவிடும். தெருமுனை தாண்டி நின்று, நடுரோட்டில் கிடக்கும். தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலுக்கு வரும் வெள்ளை வயரை வெட்டி அதில் சுவிட்ச் வைப்பது இன்னொரு வகை. சுவிட்ச் தேய்ந்தால் மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் அணைந்துவிடும்.

எதையும் வெட்டாத வழி ஒன்று உண்டு. காயிலிலிருந்து, தீப்பொறியை ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரில் ஒரு கிளை எடுத்து, சுவிட்ச் வழியாக பாடி எர்த்தில் சேர்த்துவிடுங்கள். சுவிட்சைப் போட்டால் டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் திறந்தாலும் காயிலில் கரண்ட் நிற்காது. அது நிற்காததால் தீப்பொறி வராது. ஸ்டார்ட்டர் உற்சாகமாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. திருடனுக்கு இது பழைய காரின் வழக்கமான கோளாறாகவே தெரியும். கிளை வயர் எங்காவது அறுந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும், பாதுகாப்பு மட்டும்தான் போகும். ஒரு எச்சரிக்கை: சுவிட்ச் போட்ட நிலையில் இக்னிஷனை ஆன் செய்து விட்டுவிடக் கூடாது. 3 ஓம் காயில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும், 48 வாட் சூடு, காயில் வெந்துவிடும். டிராக்கருக்கோ (கார் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி) வேறு எதற்கோ பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு வயரிலிருந்து கரண்ட் எடுப்பதாக இருந்தால் எடுக்கும் இடத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். எம்ஜிபியில் அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது, உரசினால் தீதான்.

டிராக்கருக்கு வருவோம். லாரியில் ஏற்றிப்போன காரை மீட்க இது ஒன்றுதான் வழி. பிரிட்டிஷ் காப்பீட்டுத் துறையின் சோதனை அமைப்பான தாட்சத்தின் தரவரிசையில் 2019 முதல் எஸ்7, எஸ்5 என்று இரண்டு. இக்னிஷன் போடாமலே கார் நகர்ந்தாலோ, பேட்டரியைக் கழற்றினாலோ கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி போவது இரண்டிலும் உண்டு. எஸ்5-இல் கூடுதலாக ஓட்டுநர் கையில் அவரை அடையாளம் காட்டும் சிறு மின்னணு டேக் ஒன்று இருக்க வேண்டும். இல்லாமல் கார் நகர்ந்தால் போன் வரும். அந்த டேக்கைக் கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டிவைத்தால் கூடுதல் பணம் கொடுத்தது வீண். ரோட்ஸ்டருக்கு எஸ்7 போதும் என்பது என் கணிப்பு. காப்பீட்டு நிறுவனம் எஸ்5 கேட்டால் வேறு பேச்சில்லை.

1967 இறுதியில் இரண்டாம் வடிவமான மார்க் 2 வரும்வரை எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போது விற்கும் டிராக்கர்களோ நெகட்டிவ் எர்த்தை நினைத்துச் செய்தவை. பழக்கதோஷத்தில் கறுப்பு வயரை பாடியில் முடுக்கினால் கருவி அங்கேயே போய்விடும். பாசிட்டிவ் எர்த் காரில் சிவப்பு வயர்தான் பாடிக்கு, கறுப்பு ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு. உலோகப்பெட்டி உள்ள மாடல் என்றால் பெட்டி பாடியைத் தொடாதபடி காப்பிட வேண்டும். பொருத்த வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலையான கூரையுள்ள ஜிடி மாடலில் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் சிக்னல் நன்றாக வரும். எஃகு டாஷ்போர்டுக்குப் பின்னால் வைத்தால் வராது, முதலில் தேடும் இடமும் அதுதான்.

டிராக்கரும், பேட்டரியைக் காரிலிருந்து துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரும்தான் மோதிக்கொள்ளும். குளிர்காலத்தில் நிறுத்திவைத்த காரில் 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி மாதம் 7.2 ஆம்பியர் மணி தின்னும். நான்கு மாதத்தில் 50 ஆம்பியர் மணி பேட்டரி பாதிக்கு மேல் காலி. அதற்குப் பயந்து ஐசொலேட்டரைத் திருப்பி அணைத்தால் டிராக்கருக்கும் கரண்ட் போய்விடும். உள்பேட்டரி தீரும்வரைதான் அதற்கு உயிர். சிறிய ஃபியூஸ் பைபாஸ் உள்ள ஐசொலேட்டர் இதற்கு மருந்து. டிராக்கருக்கு வேண்டிய அளவு கரண்ட் அதன் வழியே போகும், யாராவது ஸ்டார்ட்டரை இயக்கினால் அந்த நொடியே ஃபியூஸ் எரிந்து எல்லாம் அணையும். உரிமையாளரே மறந்து சாவியைத் திருப்பினாலும் எரியும். ஐந்தாறு ஃபியூஸ் கையிருப்பில் இருக்கட்டும். மின்வசதி உள்ள கராஜ் என்றால் ஐசொலேட்டரே வேண்டாம், பேட்டரியைச் சார்ஜ் குறையாமல் வைத்திருக்கும் ஒரு கண்டிஷனர் போதும்.

எம்ஜிபியின் பேட்டரி இருக்கைக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். டெர்மினலிலேயே ஐசொலேட்டரை மாட்டினால் ஒவ்வொரு முறையும் பலகையைத் திறக்க வேண்டும். ஒரு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். எர்த் கேபிளை 35 சதுர மி.மீ. தடிமனில் சற்று நீட்டி, இருக்கைக்குப் பின்னால் கை எட்டும் இடத்தில் வையுங்கள். பந்தயக் கார்களில் வரும் சிவப்புச் சாவி கட்-ஆஃப் இங்கே உதவாது. அந்தச் சாவி எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

ஆப்பிளின் ஏர்டேக்கை டிராக்கருக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். உங்களோடு ஒரு டேக் பயணிக்கிறது என்று திருடனின் போனுக்கே தகவல் போகும். கூடுதலாக ஒன்று கிடக்கட்டும் என்றால் சரி.

சக்கரப் பூட்டு வாங்குபவர்கள் காரில் இருப்பது வயர் வீலா (கம்பிச் சக்கரம்), ராஸ்டைல் வீலா (எஃகுத் தகட்டுச் சக்கரம்) என்று பார்த்து வாங்குங்கள். வயர் வீலைப் பிடித்திருக்கும் நடு நட்டான ஸ்பின்னரைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் சக்கரம் பூட்டோடு கழன்று வரும். ஸ்பின்னரையும் மூடும் தகடு உள்ள மாடல் அல்லாதது அந்தக் காருக்கு எந்த விலையிலும் வேண்டாம்.