வாய் வறட்சிக்கு வீட்டிலேயே ‘முழுப் பரிசோதனை’ என்று வருகிறார்கள், நம்பாதீர்கள்

14,800 ரூபாய். அது திரும்ப வராது என்று நேற்று சாயங்காலம் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததைச் சொல்லிவிட்டு, வாய் வறட்சிக்கு உண்மையில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நான்கு மாதமாக வாய் காய்கிறது. சோறு இறங்காது, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். ராத்திரி தலைமாட்டில் சொம்பு. இரண்டு மணிக்கு எழுந்து, “நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சுடி” என்பார்.

அப்போதுதான் ஓர் ஆன்லைன் சேவையின் விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக்கே வந்து எச்சில் எடுப்பார்களாம், சுரப்பிகள் அனைத்தையும் சோதிப்பார்களாம், மருந்தும் தருவார்களாம். வீடியோ காலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண். “எங்க அம்மாவுக்கும் இதேதான் இருந்துச்சும்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். அம்மா அழுதுவிட்டார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். கால் முடிவதற்குள் பணம் போய்விட்டது. அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஒரு பையன் வந்தான். ஒரு பஞ்சுக்குச்சி, அரை நிமிஷம், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ‘உடலில் நச்சு அதிகம்’ என்று ஒரு ரிப்போர்ட், ஒரு டப்பா பொடி, ஒரு மவுத்வாஷ். அந்த மவுத்வாஷில் ஆல்கஹால்! கொப்பளித்த அம்மா எரிச்சல் தாங்காமல் துடித்துவிட்டார்.

புகார் சொன்னால், “பொறுமைக்கு நன்றி, 48 மணி நேரத்தில் அழைக்கிறோம்.” மூன்று தடவை இதே பதில், மூன்று வேறு ஆட்கள். அப்புறம், “சாம்பிள் எடுத்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாது.” டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அரசு பல் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முதலில் கேட்டதே மாத்திரைப் பையைத்தான். கால் எரிச்சலுக்கு ராத்திரி போடும் அமிட்ரிப்டிலின், தும்மலுக்கு தினமும் செட்டிரிசின். இரண்டுமே எச்சிலைக் குறைக்குமாம். பிறகு தலையைக் குனிந்தபடி, விழுங்காமல், அளவு போட்ட கப்பில் 15 நிமிஷம் எச்சிலை விடச் சொன்னார். ஒன்றரை மில்லி அல்லது அதற்கும் கீழே என்றால் ரொம்பக் குறைவு. அம்மாவுக்கு ஒரு மில்லிகூட வரவில்லை. காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் அழுத்தி, வாய்க்குள் எச்சில் குழாய் திறக்கும் இடத்தில் எச்சில் கசிகிறதா என்று பார்த்தார். கண்ணும் உறுத்துகிறது என்று அம்மா சொன்னதால், ஷோக்ரன் நோயா (உடலின் எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) என்று பார்க்க ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்பொருள் பரிசோதனையும், கூடவே சர்க்கரையும் எழுதினார். தேவைப்பட்டால் உதட்டுக்குள் இருக்கும் குட்டி எச்சில் சுரப்பியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்களாம். இதில் எது அந்த 14,800 ரூபாயில் நடந்தது?

விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. மாத்திரைகளைக் கேட்காதவரிடம் பணம் கட்டாதீர்கள். பதிவு எண்ணை முதலிலேயே வாங்குங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். சாப்பிடும்போது தாடைக்கு அடியில் வீங்கி வலித்தால் எச்சில் சுரப்பியில் கல்லாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இப்போது அதற்குத்தான் அழைக்கப் போகிறேன்.