முகத்துவாரத்து உப்புக்காற்றில் எங்கள் இரும்புக் கட்டடம்

தொழிற்சாலையிலேயே வெட்டி, வெல்ட் பண்ணி, பெயின்ட் அடித்து வரும் இரும்புச் சட்டங்களை இங்கே போல்ட் போட்டுப் பூட்டி எழுப்பிய களஞ்சியம் எங்களுடையது, கடலுக்குக் கிட்ட, கொழும்பு முகத்துவாரத்தில். சில வருடம் பாவித்த பிறகு சொல்கிறேன், கடற்கரைக்கு இதையேதான் திரும்பவும் எடுப்பேன்.

"கடலோரத்தில் இரும்பா, கறள் பிடிக்காதா?" என்று கேட்காத ஆள் இல்லை. பிடிக்கும்தான். ஆனால் கொங்கிரீட்டுக்கு உள்ளே இருப்பதும் இரும்புக் கம்பிதானே. உப்பு மெல்ல இறங்கி, கம்பி கறள் பிடித்துப் பருத்து, மேல்பூச்சு வெடிக்கும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் முன்பு இருந்த எங்கள் கட்டடம் அப்படித்தான் போனது. இதில் சட்டம், போல்ட், தகடு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சின்னப் புள்ளி தெரிந்தவுடன் சுரண்டி பிரைமர் அடிக்கலாம், கூரைத் தகடு ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

பாரம் குறைவு, அதனால் அத்திவாரச் செலவும் குறைந்தது. ஆனால் பாரம் குறைந்த கூரையைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும், அத்திவாரத்தில் புதைக்கும் ஆங்கர் போல்ட்டை இன்ஜினியர் கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும். நடுவில் தூண் இல்லாததால் லொறி உள்ளேயே திரும்புகிறது, அது பெரிய நிம்மதி.

ஓடர் கொடுக்கும்போது பெயின்டை ஐ.எஸ்.ஓ. 12944 (இரும்பைக் கறளில் இருந்து காக்கும் பெயின்டுக்கான சர்வதேசத் தரம்) தரத்தில் சி5 வகை என்று எழுத்தில் வாங்குங்கள், உப்பு அதிகமான கடலோரத்துக்கு உரிய வகை அதுதான். கூரைக்கு 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு. தயவுசெய்து ஸ்க்ரூவில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், தகடு நன்றாக இருக்க ஸ்க்ரூத் தலை கறள் பிடித்து ஒழுகும். தகடு வெட்டிய இரும்புத் தூளையும் அன்றைக்கே கூட்டி எடுக்கச் சொல்லுங்கள், விட்டால் அது கிடக்கிற இடமெல்லாம் கறள் கறை.

அப்புறம், கழுவுவது. வெளிக்கூரையை மழை கழுவிவிடும், கூரை விளிம்பின் அடிப்பக்கத்துக்கு மழை படாது, உப்பு அங்கேயே தங்கிவிடும். எங்களுக்கு முதல் கறள் தெரிந்ததும் அங்கேதான். மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலை அப்படியே கொண்டுவந்து அடிக்கும், அந்த மாதங்களில் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுகிறோம். தகட்டு உத்தரவாதப் பத்திரத்திலும் கழுவச் சொல்லி இருக்கும், கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்ற நிபந்தனையும் இருக்கலாம், கையெழுத்துப் போட முன்னமே வாசியுங்கள்.

குறை என்றால் வெக்கை, பிறகு மழைச் சத்தம். கூரைக்குக் கீழே இன்சுலேஷன் போட்டால் இரண்டும் நன்றாகக் குறையும், அதையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.